'இது என்ன கல்?' என்று கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆற்றங்கரையிலோ, கிணறு வெட்டிய மண்மேட்டிலோ கிடைத்த ஒரு கல்லைப் படம் எடுத்து 'இது என்ன கல்?' என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் பத்துப் பெயர்கள் பதிலாக வருகின்றன. அவற்றுள் எது சரி என்று பிரித்தறிய வழியில்லாமல் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. நிறத்தை மட்டும் வைத்துக் கல்லை அடையாளம் காண முயல்வதே இதற்குக் காரணம். வெயிலும் மழையும் இரும்புக்கறையும் எந்தக் கல்லின் வெளிப்புறத்தையும் மாற்றிவிடும். ஆகவே கேட்பதற்கு முன் வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்து, அவற்றின் முடிவுகளோடு கேள்வியை முன்வைப்பதுதான் முறை.

முதலில் கல் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. கல் தாய்ப்பாறையிலிருந்து உடைந்து அங்கேயே கிடந்ததா, ஓடையில் உருண்டு வந்த கூழாங்கல்லா, சாலை போடக் கொண்டுவந்து கொட்டிய ஜல்லியா என்பதைச் சொல்லியாக வேண்டும். இதன் அருமையை உணர்த்த ஒரு பழைய செய்தி உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது கிடந்த கல்லைப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கொல்கத்தா நிற்பதோ கங்கையின் வண்டல் நிலத்தில். அங்கே அப்படிப்பட்ட பாறை நிலத்திலிருந்து எழவே முடியாது. அதே பாறை சென்னையில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் குன்றாகவே நிற்கிறது. கிடைத்த இடம் பிறந்த இடமாகவே இருக்க வேண்டும் என்று கொண்டுவிட்டால், அடுத்து வரும் அத்தனை ஊகமும் தவறிவிடும்.

இரண்டாவதாக, கல்லின் புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். சார்னோகைட்டின் வெளிப்புறம் பழுப்பேறிச் சாதாரணக் கருங்கல்லாகத் தோன்றும். உடைத்தாலோ, பச்சையும் நீலமும் சேர்ந்த இருண்ட நிறத்தில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு தெரியும். உடைக்கும்போது கல்லைச் சாக்குத்துணியில் சுற்றிக்கொள்வதும் கண்ணாடி அணிவதும் கட்டாயம், ஏனெனில் தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும்.

அடுத்துக் கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5, சாதாரணக் கண்ணாடி 5.5, வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் 7. கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்து, கல்லின் கூரான முனையால் அழுத்தி ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்துவிட்டால் அது கீறல் அன்று, கல்லே தேய்ந்து ஒட்டிய பொடி. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இச்சோதனையின் பயனை மூன்று வெள்ளைக் கற்களைக் கொண்டு காணலாம். வெங்கச்சங்கல், சுண்ணாம்புக்கல், சேலத்துச் சுரங்கங்களில் 'வெள்ளைக்கல்' என்று வழங்கும் மாக்னசைட் ஆகிய மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். வெங்கச்சங்கல் கண்ணாடியைக் கீறும். வினிகர் விட்டால் அசையாது. சுண்ணாம்புக்கல்லைக் கத்தியால் எளிதில் கீறலாம்; கீறிய பொடியின்மேல் வினிகரை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு வரும். சேலத்து வெள்ளைக்கல் உடைந்த இடத்தில் பீங்கான் போல வழவழப்பாக இருக்கும். வினிகருக்கு நுரைக்காது, கண்ணாடியையும் கீறாது. கண்ணாடியைக் கீறும் வெள்ளைக்கல் எல்லாம் வெங்கச்சங்கல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். கருங்கல்லில் நிறைந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் கீறும், ஆனால் அது தட்டையான முகங்களாக உடைவதால், வெயிலில் திருப்பும்போது ஒரு கோணத்தில் பளிச்சிடும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது அடர்த்திச் சோதனை. சமையலறைத் தராசில் கல்லை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழியாக்கிவிட்டு, நூலில் கட்டிய கல்லைப் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல்லின் எடை 318 கிராம், நீரில் தொங்கும்போது தராசு காட்டியது 120 என்றால் அடர்த்தி 2.65, அது வெங்கச்சங்கல்லுக்குரிய எண். சேலத்து வெள்ளைக்கல்லுக்கு 3க்கு அருகே வரும். காந்தக்கல்லான மாக்னடைட் 5ஐத் தாண்டும். கல்லில் புரைகள் இருந்தால் காற்று தங்கி அடர்த்தியைக் குறைத்துக் காட்டும் என்பதால், முன்னதாகவே சிறிது நேரம் நீரில் ஊறவைப்பது நல்லது.

கறுப்பாகவும் கனமாகவும் இருந்து காந்தத்தில் ஒட்டும் கல் கிடைத்ததும் விண்கல் என்று நம்பும் ஆசை எழுவது இயல்பே. தமிழ்நாட்டில் அதற்கு முன் எண்ண வேண்டியவை இரண்டு. ஒன்று, சேலம் கஞ்சமலை போன்ற இடங்களின் மாக்னடைட். இதைப் பீங்கான் ஓட்டின் பளபளப்புப் பூசாத பின்புறத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். செங்காவி நிறக் கோடு விழுந்தால் அது ஹெமடைட் என்னும் மற்றோர் இரும்புத்தாது. மற்றொன்று இரும்புச் சிட்டம், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த இரும்பு உருக்கிய தடயங்கள் காட்டுவது போல, இந்நிலத்தில் இரும்பு உருக்கும் தொழில் மிகப் பழையது. சிட்டம் வயல்வெளிகளிலும் கிடக்கும். உள்ளே குமிழ்த் துளைகள் நிறைந்திருந்தால் அது சிட்டம் என்றே கொள்ளலாம். விண்கல்லில் அத்தகைய துளைகள் மிக அரிது. பழைய சிட்டக் குவியலைக் கண்டால் கலைக்காமல் விட்டுவிடுங்கள், அது தொல்லியல் சான்று. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்களும், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரங்களும், அப்படியே. பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து சிறு சில்லுகூட எடுக்கக் கூடாது, படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனிக் கேள்வியை எழுதலாம். காய்ந்த நிலையிலும் நனைத்த நிலையிலும், பழைய முகத்தையும் உடைந்த முகத்தையும், அருகில் ஒரு நாணயத்தோடு, நிழலான வெளிச்சத்தில் படமெடுங்கள். கிடைத்த இடம், அது கிடந்த விதம், கண்ணாடிக் கீறல், வினிகர், காந்தம், கோட்டின் நிறம், அடர்த்தி ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். எந்தச் சோதனையைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். 'விண்கல்தானே?' என்று விடையைக் கேள்விக்குள் வைத்துவிட்டால், பதில் சொல்பவர்கள் அதை ஆமோதிப்பதிலும் மறுப்பதிலுமே நின்றுவிடுவார்கள். பதில் சொல்பவருக்கும் கடமை உண்டு: பெயரை மட்டும் வீசிவிட்டுப் போகாமல், எந்தச் சோதனை முடிவால் அந்தப் பெயருக்கு வந்தார் என்பதையும், அடுத்துப் பொருந்தக்கூடிய கல் எது, அது ஏன் விலக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு பெயர்களுக்கிடையே முடிவு எட்டவில்லையென்றால், புவியியல்துறை உள்ள கல்லூரி ஒன்றை அணுகலாம். அங்கே கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவித் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குச் செல்லும்போதும் மேற்சொன்ன குறிப்புகளை உடன் கொண்டுசெல்லுங்கள். கல் எங்கே எப்படிக் கிடந்தது என்பதை எந்த நுண்ணோக்கியாலும் சொல்ல இயலாது.