தாய்மாமனை நினைத்தால் மறக்காத ஓர் ஆங்கிலச் சொல்

'அவங்க்யுலர்' என்று ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. உச்சரிக்கும்போது அழுத்தம் 'வங்' மேல் விழ வேண்டும். இளையவர்களிடம் ஒரு மாமாவைப்போலப் பரிவாக நடந்துகொள்ளும் பெரியவரைக் குறிக்கும் சொல் இது. அவருடைய புன்னகை, பேச்சு, அறிவுரை எல்லாவற்றுக்கும் அடைமொழியாகப் போடலாம். பெண்களுக்குச் சொல்வதில்லை.

நினைவில் வைக்க எளிய வழி, இதன் வேர்தான். லத்தீனில் 'அவங்குலுஸ்' என்றால் அம்மாவின் சகோதரன், அதாவது நம் தாய்மாமன்! அப்பாவின் சகோதரனுக்கு 'பத்ருவுஸ்' என்று தனிச் சொல். ரோமானியர்களுக்குப் பத்ருவுஸ் என்றாலே கண்டிப்பானவர். செல்லம் கொடுப்பவர் மாமன். மாமன் மடியில் காது குத்திக்கொண்ட நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆங்கிலத்தின் 'அங்கிள்' இந்த அவங்குலுஸிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். வந்த இடத்தில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் ஒரே சொல்லாகிவிட்டது.

அப்புறம், 'ஆன்ட்' வந்தது 'அமிதா' என்ற சொல்லிலிருந்து. அதன் பொருள் அத்தை. அம்மாவின் சகோதரிக்கு 'மாதெர்தெரா'. அதிலிருந்து பிறந்த 'மட்டர்ட்டரல்' மிக அரிதான சொல், தேர்வில் எழுத வேண்டாம். உறவினருக்குச் சலுகை காட்டும் 'நெப்போடிசம்' எல்லோரும் அறிந்தது. உடன்பிறந்தவர்களின் மகன்களுக்குப் பதவி கொடுத்த போப்பாண்டவர்களால் வந்த பெயர் அது.

மானிடவியல் படிப்பவர்கள் 'அவங்க்யுலேட்' என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்மாமனுக்கும் சகோதரியின் பிள்ளைகளுக்கும் உள்ள தனி உறவு, உரிமை, கடமை எல்லாம் அதில் அடங்கும். தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று வெளிநாட்டு நண்பர் கேட்டால், இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.