புது ஸ்டிக்கர், பழைய ஹார்ட் டிஸ்க்

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட, வாரன்டியில் மாற்றக் கொடுத்தேன். கொடுக்கும் முன்பே அதன் சீரியல் எண்ணைப் படமெடுத்து வைத்திருந்தேன். "புதுசு போட்டாச்சு சார்" என்று திரும்பி வந்தது, பளபளக்கும் ஸ்டிக்கரோடு.

ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்; டிஸ்க்குக்குள் பதிந்திருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் அதே பழைய எண்! 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது டிஸ்க் ஓடிய நேரம், ஆயிரக்கணக்கான மணி. புதுசென்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கெட்டுப்போய் ஒதுக்கிய செக்டார்களை (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகளை) எண்ணிச் சொல்லும், 05 என்று எண்ணிட்ட வரியும் பூஜ்யமில்லை. (அந்த மதிப்புகள் A முதல் F வரை எழுத்துகளும் கலந்த ஹெக்ஸாடெசிமல் எண்களில் வரும், மென்பொருளின் செட்டிங்ஸில் வழக்கமான டெசிமல் எண்ணுக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும்.)

முன்பு எடுத்த படத்தையும் இந்த மென்பொருள் திரையின் படத்தையும் சேர்த்து, மாற்றித் தந்தவர்களுக்கு அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் வேறு டிஸ்க் வந்தது. எண் வேறு, ஆனால் ஏற்கெனவே சில நூறு மணி நேரம் ஓடிய டிஸ்க். புதுப்பித்த டிஸ்க் கொடுக்கப் பல வாரன்டிகள் இடம் தருகின்றன. கெட்ட செக்டார் இல்லாததால் வாங்கிக்கொண்டேன். மணிக்கணக்கை அழிக்கவும் வழியுண்டு என்பதால், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்திலும் போட்டுச் சரிபார்த்தேன்.