இணையவழி நூலகச் சேவைகளின் பயன்பாட்டு எளிமையை மதிப்பிடுவது எப்படி?

ஒரு நூலகம் ஆயிரக்கணக்கான மின்னிதழ்களுக்குச் சந்தா செலுத்தியிருக்கலாம். ஆனால் தேடி வந்தவர் தமக்கு வேண்டிய ஒரு கட்டுரையைத் திறக்க முடியாமல் திரும்பிப் போனால், அவரைப் பொறுத்தவரை அந்தச் சந்தாவுக்குப் பொருளில்லை. பயன்பாட்டு எளிமையை மதிப்பிடுவது இந்த இடைவெளியை அளக்கும் வேலை. 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநிலை, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தங்கள் நோக்கத்தை எந்த அளவுக்கு முழுமையாகவும், வீண்முயற்சி இல்லாமலும், மனநிறைவோடும் எட்டுகிறார்கள் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. இதில் ‘குறிப்பிட்ட’ என்னும் நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. ‘எங்கள் தளம் எளிதாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. ‘நூலகத்துக்கு வெளியே இருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர், கைப்பேசியிலிருந்து, ஆசிரியர் கொடுத்த கட்டுரையைத் திறக்க முடிகிறதா?’ என்ற கேள்விக்கு உண்டு. மதிப்பீடு தொடங்கும் முன் இத்தகைய கேள்விகள் நான்கைந்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வேலை, பயனர் கடக்க வேண்டிய பாதை முழுவதையும் நாமே ஒருமுறை நடந்து பார்ப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நூலகச் சேவை ஒரே தளம்தான். உள்ளே நூற்பட்டியல் ஒரு மென்பொருள், எல்லாவற்றையும் ஒருங்கே தேடும் தேடுபெட்டி இன்னொன்று, கட்டுரைக்கு இணைப்பு தருவது மூன்றாவது, உள்நுழைவைச் சரிபார்ப்பது நான்காவது, கட்டுரையைக் காட்டுவது பதிப்பகத்தின் சொந்தத் தளம். தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொன்றும் ஒழுங்காக இயங்கும். பயனர் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான். இந்த நடையை நூலகத்தின் பிணையத்துக்கு உள்ளே அமர்ந்து செய்யக் கூடாது. பல பதிப்பகத் தளங்கள் நூலகத்தின் ஐ.பி. முகவரியை (இணையத்தில் அதன் பிணையத்துக்கு உரிய எண்ணை) அடையாளம் கண்டு கதவைத் தானாகவே திறந்துவிடுவதால், வெளியிலிருந்து வருபவர் சந்திக்கும் ‘உள்நுழைக’, ‘உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க’, ‘இக்கட்டுரையை விலைக்கு வாங்க’ போன்ற திரைகளை ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணால்கூடப் பார்க்காமல் இருந்துவிட முடியும். வீட்டு இணைப்பிலிருந்து, கடவுச்சொல் எதுவும் சேமித்து வைக்காத உலாவியில் தொடங்குங்கள்.

இனிப் பயனர்களுக்குக் கொடுக்கும் பணிகள். மதிப்பீட்டின் தரம் ஏறக்குறைய முழுவதும் இவற்றின் சொல்லமைப்பைப் பொறுத்தது. தளத்தில் உள்ள சொல்லைப் பணியிலும் எழுதிவிட்டால், பயனர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடிப்பாரே தவிர, தம் தேவையிலிருந்து வழி காண மாட்டார். ‘ஒரு நூலை முன்பதிவு செய்க’ என்பதைவிட, ‘உங்களுக்கு வேண்டிய நூலை வேறொருவர் எடுத்துச் சென்றிருக்கிறார், அது திரும்பி வந்ததும் உங்களுக்குக் கிடைக்க என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பது சரி. தலைப்பு தெரிந்த நூலைத் தேடுவது, பொருள் மட்டும் தெரிந்து தேடுவது, மேற்கோள் பட்டியலில் உள்ள ஒரு வரியை வைத்துக் கட்டுரையை எட்டுவது, இரவல் காலத்தை நீட்டிப்பது, மின்னூலைக் கைப்பேசியில் திறப்பது ஆகியவை எந்த நூலகத்துக்கும் பொருந்தும். இவற்றோடு, நூலகத்தில் இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லும் பணி ஒன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘இங்கே இல்லை’ என்று பயனர் உறுதியாக உணர்கிறாரா, உணர்ந்தபின் பிற நூலகத்திலிருந்து வரவழைக்கும் வசதியை அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது வேறெந்தப் பணியிலும் வெளிப்படாது. எழுதிய பணிகளை முதலில் ஒரே ஒருவரிடம் ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

எத்தனை பேரைச் சோதிப்பது? பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனரிடம் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகள் வெளிப்படுகின்றன. அதே விகிதத்தில் ஐந்து பேரிடம் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ‘ஐந்து பேர் போதும்’ என்று பரவிய விதிக்கு அடிப்படை இதுவே. ஆனால் அது ஒரே வகைப் பயனர்களுக்குப் பொருந்தும் சராசரி. இளநிலை மாணவரும், ஆய்வாளரும், கணினிக்குப் பழகாத முதியவரும், திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு படிப்பவரும் வரும் நூலகத்தில், வகைக்கு மூன்று நான்கு பேரை அழைத்து, கண்ட குறைகளைத் திருத்தி, மீண்டும் சிலரை அழைப்பதே பயன் தரும். நூலக ஊழியர்களையும் அங்கே பகுதிநேரமாகப் பணிபுரியும் மாணவர்களையும் இதில் சேர்க்க வேண்டாம்.

சோதனையின்போது பயனர் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது வழக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1982இல் இம்முறையை இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். நடத்துபவர் செய்ய வேண்டியது, பேசாமல் இருப்பது. நூலகர்களுக்கு இது எளிதல்ல. தடுமாறுபவரைக் கண்டால் உடனே உதவுவதே அவர்கள் தொழில். அதனால் நடத்துபவர் பயனருக்குச் சற்றுப் பின்னால் அமர்வது நல்லது. கேள்வி வந்தால் ‘நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். பயனர் பெயரில் உண்மையாக உள்ள கணக்கைப் பயன்படுத்தாமல் சோதனைக் கணக்கு ஒன்றைக் கொடுங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது பதிவில் சிக்கக் கூடாது. திரையைப் பதிவு செய்வதற்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

குறிப்பெடுக்கும்போது முதல் சொடுக்கு எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை பின்வாங்கினார் என்பவற்றோடு, முடிவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: முடித்தார், கைவிட்டார், முடிக்காமலே முடித்ததாக நினைத்தார். மூன்றாவதே மிக மோசமானது என்பது என் கருத்து. கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் பதிவிறக்கிவிட்டு முழுக் கட்டுரை கிடைத்ததாக நம்புகிறவர், உதவி மேசைக்கு வருவதுமில்லை, குறை சொல்வதுமில்லை. மனநிறைவு அளவெண்களில் அவர் உயர்ந்த மதிப்பெண்ணையே கொடுப்பார்.

அதனால்தான் கருத்துக்கணிப்பைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய, பயன்பாட்டு எளிமையை அளக்கும் ‘சஸ்’ (SUS) என்னும் பத்துக் கேள்விப் படிவம் போதுமானது. ஒன்று முதல் ஐந்து வரையிலான விடைகளில், ஒற்றைப்படைக் கேள்விகளுக்கு விடையிலிருந்து 1ஐக் கழித்து, இரட்டைப்படைக் கேள்விகளுக்கு 5இலிருந்து விடையைக் கழித்து, மொத்தத்தை 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். அது விழுக்காடு அன்று. பல ஆய்வுகளின் சராசரி ஏறத்தாழ 68 என்பதால், 68க்குக் கீழே இறங்கினால் கவனம் தேவை என்று கொள்ளலாம். எங்கே குறை என்பதை அந்த எண் சொல்லாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்னும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல், தன் மூன்று நிலைகளில் நடுத்தரமான ஏஏ (AA) நிலையில், வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிறவேறுபாட்டைக் கோருகிறது. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஒரு நூலைத் தேடி முன்பதிவு செய்து பாருங்கள். தானியங்கிச் சோதனைக் கருவிகள் தவறவிடும் பல தடைகள் அப்போது தெரியும். படமாக வருடப்பட்ட பி.டி.எஃப். கோப்புகளில் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) கொண்டு உரை சேர்க்கப்படாவிட்டால், திரைவாசிப்பானுக்கு அவை வெற்றுத்தாள்கள்தான்.

ஒரு நாள் செலவில் மிகுந்த பலன் தரும் வேலை, விடை ஏதும் கிடைக்காத தேடல்களின் பதிவேட்டைப் படிப்பது. எழுத்துப்பிழைகள், நூற்பட்டியலில் இல்லாத வழக்குச் சொற்கள், தவறான பெட்டியில் தட்டப்பட்ட கேள்விகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். தமிழ் நூல்கள் உள்ள பட்டியலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘திரு’ என்று தொடங்கும் தலைப்பைப் பலர் ரோமன் எழுத்தில் டி, எச் சேர்த்துத் தட்டுவார்கள். பிறமொழித் தலைப்புகளை ரோமன் எழுத்தில் எழுதப் பல நூலகங்கள் பின்பற்றும் ஏ.எல்.ஏ.-எல்.சி. ஒலிபெயர்ப்பு முறையிலோ எச் வராது. ‘கொ’ போன்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், இரு குறிகளின் சேர்க்கையாகவும் பதிய முடியும். மென்பொருள் இரண்டையும் சமமாகக் கொள்ளாவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களில் ஒன்றுக்கு மட்டும் விடை வரும். இரண்டையும் தட்டிப் பார்த்துச் சோதியுங்கள்.

அறிக்கை எழுதும்போது, குறைகளை எத்தனை பேரைப் பாதித்தது, பணியை நிறுத்தியதா அல்லது தாமதப்படுத்தியதா என்ற அடிப்படையில் வரிசைப்படுத்திவிட்டு, இரண்டு கட்டாகப் பிரியுங்கள். பொத்தான்களின் பெயர், உதவிக் குறிப்பு, தேடுபெட்டியின் இயல்புநிலை, முகப்பில் இணைப்புகளின் வரிசை போன்றவை நூலகமே அந்த வாரத்திலேயே மாற்றக்கூடியவை. மாற்றியபின், அதே பணிகளைப் புதிய ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மற்றவை மென்பொருள் வழங்குநரோ பதிப்பகமோ திருத்த வேண்டியவை. அவற்றைத் திரைப்பதிவின் சான்றோடு தொகுத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு தொடங்குவதற்கு முன்பே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்; கையெழுத்தான பிறகு அந்தப் பட்டியலைப் படிக்க அவர்களுக்கு அவசரம் இருக்காது.