படம் மங்கினால் லென்ஸைத் திட்டாதீர்கள்: ஃபோகஸில் நாம் செய்யும் தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தறிமேல் குனிந்திருந்த அம்மாவின் விரல்களைத்தான் படம் எடுக்க நினைத்தேன். 50 மி.மீ. லென்ஸ், ஒளி நுழையும் துளை எஃப் 1.8 (இந்த எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), தொலைவு ஒரு மீட்டர். கேமராவின் சின்னத் திரையில் படம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் வளையல் மட்டும்தான் தெளிவு. விரல் நுனியும் அது பிடித்திருந்த கோரையும் பஞ்சு பஞ்சாக இருந்தன. லென்ஸ் பழுது என்று முடிவுகட்டி, பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி நாலு படம் எடுத்துக் காட்டிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பிவைத்தார்.

ஃபோகஸை ஒரு புள்ளி என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு தளம். கேமராவுக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடு ஒன்று காற்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டின்மேல் படுவது மட்டுமே முழுத் தெளிவு. தகட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சத் தூரத்துக்கு உள்ள மங்கலைக் கண் பொறுத்துக்கொள்கிறது. அந்தத் தூரத்துக்குத்தான் புல ஆழம் என்று பெயர். ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது ஒளியைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கு இருக்கும் கேமராவில், அன்றைக்கு எனக்குக் கிடைத்தது மொத்தம் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வளையலுக்கும் விரல் நுனிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இருந்தது.

மறுமுறை போனபோது துளையை எஃப் 5.6க்குச் சுருக்கினேன், புல ஆழம் 13 சென்டிமீட்டர் ஆயிற்று. அதைவிடப் பெரிய பலன், பக்கவாட்டில் நகர்ந்து, கையும் விரலும் அந்தக் கண்ணாடித் தகட்டிலேயே வரும்படி உட்கார்ந்ததில் கிடைத்தது. பாயை மட்டும் எடுப்பதானாலும் இதே கணக்குத்தான். நேர் மேலிருந்து, கேமராவின் முதுகு பாய்க்கு இணையாக இருக்கும்படி பிடித்தால் எஃப் 4 போதும். சாய்த்துப் பிடித்தால் எவ்வளவு சுருக்கினாலும் ஒரு ஓரம் கரைந்துவிடும்.

அடுத்தது, எஃப் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டோம் என்பதற்காக அதை எப்போதும் முழுக்கத் திறந்தே வைத்திருப்பது. திருநெல்வேலிக் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு குடும்பம் மூன்று வரிசையாக நிற்கிறது. முன்னால் பேரப்பிள்ளைகள், நடுவில் தாத்தாவும் ஆச்சியும், பின்னால் பெரியப்பா, சித்திமார். நான்கு மீட்டர் தொலைவிலிருந்து 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்தால் தெளிவு முக்கால் மீட்டருக்குத்தான். நடுவரிசையில் ஃபோகஸ் வைத்தால் தாத்தாவும் ஆச்சியும் தெளிவாக வருவார்கள், சித்திமார் மங்குவார்கள். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது. அதே இடத்தில் எஃப் 5.6 வைத்தால் 3.2 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர் வரை எல்லோரும் விழுந்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலையும் தாமிரபரணியையும் தேடி வந்துவிட்டு, பின்னணியை வெறும் பச்சைக் குழம்பாக்கி எடுப்பதில் என்ன இருக்கிறது? அந்தப் படத்தை வீட்டுக் கொல்லையிலேயே எடுத்திருக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் மறுகோடிக்குப் போய் எஃப் 22 வைக்கிறார்கள். துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். படம் முழுவதும் சன்னமாக மங்கும். பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளை இப்படி எடுத்தால் முன்னால் இருக்கும் புல்லும் பின்னால் இருக்கும் இறக்கையும் ஒரே அளவில் மங்கியிருக்கும். எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11. நிலக்காட்சிக்கு இது பெரும்பாலும் போதும்.

போதாது என்று தோன்றுவதற்குக் காரணம், ஃபோகஸை அடிவானத்தில் வைப்பதுதான். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடத்தையும் தேரையும் ஒரே படத்தில் பிடிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வடம் காலடியில் தொடங்குகிறது, தேர் தெருக்கோடியில் நிற்கிறது. தேரில் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் கிடைக்கும் தெளிவு யாருக்கும் பயன்படாது. 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் வடத்தின்மேல் சுமார் 2.4 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் வையுங்கள். 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெளிவாக வரும். ‘தெளிவு முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு’ என்று மனப்பாடமாகச் சொல்லப்படும் விதியை நம்பி இதைச் செய்ய முடியாது. அந்த விகிதம் இடைப்பட்ட ஒரு தொலைவில் மட்டுமே பொருந்தும். பாய் நெய்யும் விரல் அளவுக்கு நெருங்கினால் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமம். தொலைவு கூடக் கூடப் பின்பங்கு வளர்ந்துகொண்டே போகும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைப்பது பழைய பழக்கம். 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, இரண்டு மீட்டர் தொலைவு என்றால் புல ஆழம் 6 சென்டிமீட்டர்தான். திருப்பும்போதே தகடு கண்ணைவிட்டு நகர்ந்துவிடும். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள். முகம் திரும்பியிருந்தால் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்.

இனி, ஃபோகஸின்மேல் வீண்பழி விழும் இடம். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அலகில் குச்சியோடு கூட்டுக்கு இறங்கும் நாரையை எடுத்துவிட்டு, ‘ஃபோகஸ் தவறிவிட்டது’ என்று வருந்துவார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவை மங்கி, முன்னால் இருக்கும் கிளையோ பின்னால் இருக்கும் இலையோ தெளிவாக இருந்தால் தவறு ஃபோகஸில். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கூடு தெளிவாக இருந்து இறக்கை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முதல் தவறுக்கு மருந்து, பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாறி, கிளை குறுக்கிடாத இடத்திலிருந்து எடுப்பது. மற்ற இரண்டுக்கும் ஷட்டர் வேகத்தைக் கூட்டவேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1600 நொடியிலிருந்து தொடங்கலாம். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வரும் படத்தைக்கூட ஒப்பேற்றிவிடலாம், இழுபட்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கைபேசிக்காரர்களுக்கு இதில் பாதிக் கவலை இல்லை. சென்சார் சிறிது, லென்ஸின் குவியத் தொலைவும் (50 மி.மீ., 85 மி.மீ. என்று லென்ஸோடு சொல்கிறோமே, அது) சில மில்லிமீட்டர்தான். அதனால் பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழுந்துவிடும். போர்ட்ரெய்ட் முறையில் வரும் பின்னணி மங்கல் மென்பொருள் போடுவது. ஆச்சியின் நரைமுடி ஓரத்தையும் காதில் தொங்கும் பாம்படத்தையும் அது பின்னணி என்று எண்ணி அழித்துவிடக்கூடும். எடுத்த இடத்திலேயே இரண்டு விரலால் விரித்து, முதலில் காது ஓரத்தைப் பாருங்கள். பாம்படம் பாதி காணாமல் போயிருந்தால் அந்த முறையை அணைத்துவிட்டு இன்னொன்று எடுங்கள். ஆச்சி அதுவரை உட்கார்ந்திருப்பார்.