கெராச்சுட் ஏரித் தண்ணீரைக் கண்காணிக்கத் திட்டம் போடுவது எப்படி?

தண்ணீர்த் தரம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரும் மீட்டர் வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மீட்டர் கடைசியில் வாங்க வேண்டியது. பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் மணல் திட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியை வைத்தே திட்டம் போட்டுப் பார்ப்போம். மேலே நன்னீரும் அடியில் கடல்நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் மெரோமிக்டிக் ஏரி அது.

படி 1: கேள்வி

"தண்ணீர் சுத்தமா?" என்று கேட்டால் எதை அளப்பது என்றே தெரியாது. "மழைக்குப் பிறகு உப்பு அடுக்கு எத்தனை மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வர வேண்டும்.

படி 2: அனுமதி

2003இல் அறிவிக்கப்பட்ட பூங்கா இது. தெலுக் பஹாங் வாசலில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். தண்ணீர் மாதிரி எடுக்க பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) தரும் அனுமதி தனியாக வேண்டும். ஏரிக்குள் படகு இறக்குவதாக இருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 3: எதை அளப்பது

மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவைகள்: கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்), சிஓடி (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச் (அமில-காரத் தன்மை). ஆனால் அது ஆற்று நன்னீருக்கானது. உப்பேறிய அடிநீரை அதில் போட்டு 'இரண்டாம் வகுப்பு' என்று சொல்வதில் அர்த்தமில்லை; உப்பிலுள்ள குளோரைடு சிஓடி சோதனையையே குழப்பிவிடும். புதியவர்களுக்கு வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், பிஎச் ஆகிய நான்கும் போதும்.

படி 4: எங்கே, எந்த ஆழத்தில்

ஓடை வந்து சேரும் இடம், நடு ஏரி, மணல் திட்டுப் பக்கம் என மூன்று இடம் போதும். இங்கே ஆழம்தான் முக்கியம். மேல்மட்டத்தில் ஒரு பாட்டில் மொண்டு வந்தால் பாதி ஏரியைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

மீட்டரின் கேபிளில் அரை மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். மேலிருந்து கீழே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு டேப்பிலும் எண் நிலைக்கும்வரை பொறுங்கள். உப்பு திடீரென்று ஏறும் இடத்தில் நின்று, பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை எழுதுங்கள். அதற்குக் கீழே ஆக்சிஜன் சரிவது தெரியும். அடிநீரை மேலே எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரலாம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு.

ஒரு கண்ணி இருக்கிறது. 28 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிக்கும்; கடல்நீர் சுமார் 6.4தான். மீட்டரில் உப்பளவைச் சரிசெய்யாவிட்டால் அடிநீரில் இருப்பதைவிட அதிக ஆக்சிஜனைக் காட்டும்.

படி 5: எப்போது

தைப்பூசத்தை ஒட்டிய வறட்சியில் ஒரு சுற்று, தீபாவளியை ஒட்டிய மழையில் ஒரு சுற்று கட்டாயம். எப்போது போனாலும் ஒரே நேரத்துக்குப் போங்கள்: பாசி இருக்கும் நீரில் ஆக்சிஜன் விடியலில் குறைந்து பிற்பகலில் ஏறும். மணல் திட்டு உடைந்திருக்கிறதா, கடல் ஏற்றமா வற்றலா என்பதையும் குறியுங்கள்.

படி 6: ஆய்வகம்

மேலடுக்கு நன்னீருக்கு பிஓடி பார்க்க ஆசைப்பட்டால், முதலில் ஆய்வகத்துக்குப் போன் போடுங்கள். ஐந்து நாள் சோதனை அது. திங்கள் தொடங்கினால் சனிக்கிழமை முடியும். யாரும் இருக்க மாட்டார்கள். புதன் அல்லது வியாழன் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். ஐஸ் உருகினால் பேனா எழுத்து நிற்காது.