டயர் அகலத்தைக் கூட்டினால் உயரமும் கூடும்: 185/65 ஆர்15-ஐ வைத்து ஒரு கணக்கு

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கும். 185 அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பலரும் தடுக்கி விழுவது நடுவிலிருக்கும் 65-ல்தான். அது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 65 சதவீதம்தான் சைடுவாலின், அதாவது ரிம்முக்கும் தரையில் படும் பகுதிக்கும் நடுவிலுள்ள பக்கச் சுவரின், உயரம்: 120.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் 240.5. 15 அங்குல ரிம் 381 மி.மீ. ஆக முழு விட்டம் 621.5 மி.மீ.

"கொஞ்சம் அகலமாப் போடுங்க சார், கிரிப் நல்லா இருக்கும்" என்று கடையில் சொல்வதைக் கேட்டு 195/65 மாட்டினால் விட்டம் 634.5 ஆகிவிடும், அதாவது 2 சதவீதம் பெரிது. 205/65 போட்டால் 647.5, 4 சதவீதத்துக்கும் மேல். பழைய விட்டத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 3-ஐத் தாண்டவே வேண்டாம். அகலம் கூட வேண்டுமா, நடு எண்ணைக் குறையுங்கள்: 195/60 என்றால் 615, 205/60 என்றால் 627. 16 அங்குல அலாய்க்கு ஆசைப்படுகிறவர்களுக்கு 195/55 ஆர்16 பொருந்தும், விட்டம் 620.9. ஆனால் சைடுவால் 107 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. தினமும் குண்டும் குழியுமான ஊர்ச் சாலையில் போகிறவருக்கு ரிம் வளையும், சைடுவால் வீங்கும். அழகுக்காக அந்தச் செலவு தேவையா என்று யோசியுங்கள்.

விட்டம் 4 சதவீதம் கூடினால், முன்பு 100-ல் ஓடிய வண்டி மீட்டரில் அதே முள் நிற்கும்போது 104-ல் ஓடும். ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் இது விளையாட்டில்லை. பிரேக் டிஸ்க் பழையதே. சக்கரம் பெரிதாகிவிட்டதால் அதே மிதிக்குப் பிடி குறைகிறது. கியரைக் குறைத்து இறங்கினாலும் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது அதே விகிதத்தில் தளரும். திரும்பி ஏறும்போது, ஆள் நிறைய இருந்தால், பிக்கப் இல்லாதது தெரியும்.

88 என்பது ஒரு டயர் தாங்கும் எடை: 560 கிலோ. 82 என்றால் 475 கிலோ மட்டுமே. விலை குறைவென்று இந்த எண்ணில் இறங்கக் கூடாது. சந்தூர் மாங்கூடைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு வெயிலில் நான்கு வழிச் சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ.; டி என்றால் 190.

ரிம் அகலத்தையும் பாருங்கள். 5.5 அங்குல ரிம்மில் 185, 195 சரியாக உட்காரும். 205/60-க்கு அது கடைசி எல்லை. 6 அங்குலம் இருந்தால் நல்லது. ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் நடுவில் புடைத்து, நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

மாட்டியதும் ஐந்து பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். மட்கார்டு லைனரிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசினால் அந்த அளவு வேண்டாம். உரசவில்லையென்றால் பேலன்சிங், அலைன்மென்ட். ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு கூடாது. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் அதைப் பின்பக்கம் மாட்டி, பஞ்சர் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். பஞ்சர் முன்சக்கரத்தில் என்றால் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட வேண்டும்.