ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு? மூன்று கணக்கு முறைகளை ஒப்பிடுவோம்

செயற்கைக்கோள் அளப்பது ஓசோனை அல்ல, வளிமண்டலத்தைக் கடந்து வரும் ஒளியை. அதிலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் உள்ள ஓசோனைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முறைகளை ஒப்பிட உண்மை அளவீட்டில் தொடங்காதீர்கள். சரியான விடை அங்கே யாருக்கும் தெரியாது.

படி 1. விடையை நீங்களே உருவாக்குங்கள். 0 முதல் 60 கி.மீ. வரை 30 அடுக்குகள், ஓசோன் அடர்த்தியின் உச்சம் 22 கி.மீ. அருகே. பைத்தான் நிரல்மொழியும் அதன் கணித நூலகமான நம்பையும் (NumPy) போதும்.

படி 2. ஓர் அடுக்கில் ஓசோன் சற்றுக் கூடினால் ஒவ்வொரு அலைநீளத்திலும் ஒளி எவ்வளவு மாறும் என்பதை ஓர் அணியில் எழுதுங்கள். பயிற்சிக்கு, 40 அலைநீளங்களுக்கு வெவ்வேறு உயரங்களில் உச்சம் கொண்ட 40 அகலமான மணி வடிவ வளைவுகளை அதன் வரிசைகளாக வைத்தால் போதும். விடையை அந்த அணியால் பெருக்கி, 1% இரைச்சல் (தற்செயலான பிழை) சேருங்கள். இதுதான் உங்கள் 'அளவீடு'.

படி 3. முதலில் மீச்சிறு வர்க்க முறை, அதாவது அளவீட்டுக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டலை மிகச் சிறியதாக்கும் விடையைத் தேடுவது. அளவீட்டோடு அழகாகப் பொருந்தும், ஆனால் விடை மேலும் கீழும் துள்ளும், ஓசோன் எதிர்ம எண்ணாகக்கூட வரும். பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் ஒளியில் ஏறக்குறைய ஒரே தடத்தை விடுவதால், சிறு இரைச்சலும் பூதாகரமாகிவிடுகிறது. ஆக, பொருத்தத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படி 4. டிக்கனோவ் முறை. வர்க்கக் கூட்டலோடு, அடுத்தடுத்த அடுக்குகள் ரொம்ப வேறுபட்டால் ஒரு தண்டனையும் சேர்க்கிறோம். எவ்வளவு தண்டனை? பல தண்டனை அளவுகளுக்கு, அளவீட்டோடு பொருந்தாமையையும் விடையின் கரடுமுரடையும் மடக்கை அளவில் வரைந்தால் 'எல்' வடிவ வளைவு வரும், அதன் மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5. வளிமண்டல இயற்பியலாளர் ராட்ஜர்ஸ் பரப்பிய உகந்த மதிப்பீட்டு முறை. ஓசோன் பொதுவாக எப்படி இருக்கும், எவ்வளவு மாறும் என்ற முன்னறிவைச் சேர்க்கிறோம். படி 1-இன் விடையையே முன்னறிவாகக் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் இந்த முறை ஜெயிக்காமல் என்ன செய்யும்! நேரியல் கணக்கில் இதற்கும் டிக்கனோவுக்கும் சூத்திரம் ஒரே அமைப்புதான். தண்டனை அணி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டை, என்னைக் கேட்டால், கொஞ்சம் மிகையானது.

படி 6. உண்மையான ஒப்பீடு இங்கேதான். உண்மை விடையின் ஒவ்வோர் அடுக்கையும் சற்று மாற்றினால், கணக்கில் கிடைக்கும் விடை எவ்வளவு மாறுகிறது? அதுவே சராசரிக் கரு அணி. மீச்சிறு வர்க்கத்தில் அது அலகு அணி. மற்ற இரண்டிலும் மூலைவிட்ட எண்களைக் கூட்டுங்கள். 30 அடுக்கு கேட்டு, கூட்டல் 5 என்று வந்தால், அளவீடு தந்தது ஐந்து தகவல்கள்தான். உகந்த மதிப்பீட்டில், எந்த வரிசையின் கூட்டல் பூஜ்ஜியத்தை ஒட்டுகிறதோ, அந்த உயரத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் முன்னறிவையே. சந்தேகமா? முன்னறிவை மாற்றி மறுபடி ஓட்டுங்கள், அங்கே விடையும் கூடவே நகரும்.

படி 7. இரைச்சலை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். விடைகளின் சிதறல் இரைச்சல் பிழை, அவற்றின் சராசரி உண்மையிலிருந்து விலகுவது மழுங்கல் பிழை, அதாவது நுண்விவரங்கள் மழுங்குவதால் வரும் பிழை. பின்னர் பலூன் அளவீட்டோடு ஒப்பிடும்போது, முன்னறிவிலிருந்து பலூன் தரவு எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, அதைச் சராசரிக் கருவால் பெருக்கி, முன்னறிவோடு கூட்டிய பிறகே பக்கத்தில் வையுங்கள்.